போயிட்டு வாங்கோ

சண்டையால் கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்களில், கடலுக்குப் போகும் அனுமதிப் பாஸ் விசாரிக்க மன்னாருக்கு வருகிற பேசாலை மீனவர் ஒருவர், பின்னேர பஸ் வரும்வரை என் கொம்பியூட்டர் கடையில் இருப்பார். பெரிய உடம்பு. வலை இழுத்துக் காய்த்த அந்தக் கைக்குள் மவுஸ் முழுதாக மறைந்துவிடும்.

அவர் விளையாடுவது ஒரே விளையாட்டு. திரையில் ஓர் ஐஸ்கிறீம் கடை. வாடிக்கையாளர்கள் வரிசையாக வருவார்கள். கொடுக்கச் சுணங்கினால் முகம் சிவந்து போய்விடுவார்கள்.

அவர் எப்போதும் சுணங்குவார். ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒவ்வொரு பொம்மையையும், அது கதவைத் தாண்டும்வரை பார்த்திருந்து, “போயிட்டு வாங்கோ” என்பார். அதற்குள் அடுத்த ஆள் கோபித்துக்கொண்டு வெளியேறிவிடும். முதலாம் கட்டத்தை அவர் தாண்டியதேயில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணை, அதுகளுக்குக் கேக்காது. அடுத்த ஆளைக் கவனியுங்கோ” என்றேன்.

“கேக்காட்டிப் பரவாயில்லை பிள்ளை. இந்தக் காலத்திலை வெளிக்கிடுற ஆளைப் பேசாமல் அனுப்பேலுமே?”

சிரித்துக்கொண்டே தோற்றார். திரும்பவும் தொடங்கினார்.

ஒருநாள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, “நாளைக்குக் கடலுக்கு விடுறாங்களாம். போயிட்டு வாறன் பிள்ளை” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான் ஒருவருக்கு அவசரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கையை எடுத்து எழும்பி, வாசலுக்குப் போய், “போயிட்டு வாங்கோ அண்ணை” என்று சொல்லி, அவர் சந்தி திரும்பும்வரை பார்த்து நின்றேன்.

உள்ளே வந்தபோது, காத்திருந்த வாடிக்கையாளருக்கு முகம் சிவந்துபோயிருந்தது.