போட்டு வரல

கடலில் ஒரு குண்டுகூடப் போட்டறியாத ஒரு விமானப் படைப்பிரிவை, வங்கக்கடல் முழுக்கக் குண்டு போட வைத்த முட்டாள் நான்தான். அதோடு நின்றிருக்கலாம். போய்த் திரும்பாத எட்டுப் பேரைப் பத்திரமாகக் கரைசேர்த்து, அதை அச்சிலும் ஏற்றினேன்.

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரில் முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து ஆண்டுமலர் கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் எழுதித் தருகிற ஆள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நானும் தலையை நன்றாக நீட்டிக் கொடுத்தேன். ராஜபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், உலகப்போரில் வெள்ளைக்காரன் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். கடல்மேல் ரோந்து சுற்றி, நீர்மூழ்கியைக் கண்டால் குண்டு போடுவதற்கென்று இருந்த பிரிவு. அதன் கதையை அவரிடம் கேட்டு எழுத வேண்டும்.

ஐந்து ஞாயிறு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சேத்தூர், தேவதானத்துக்காரர்கள் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களைக் கொண்டுவந்து இறக்குவது அந்தக் கிழமையில்தான். அண்ணாச்சி செம்புக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டே சரித்திரம் சொல்வார். பக்கத்தில் ஒரு மோட்டார் உறுமும். ஒரு விமானத்துக்கு எட்டுப் பேர் என்பதைக் கேட்டு வாங்கவே ஒரு ஞாயிறு போனது. மேலேயிருந்து என்ன பார்த்தார்கள் என்றால், "தண்ணி" என்பார். அப்புறம்? "தண்ணிதான்." இருபது மணி நேரம் பறந்து தண்ணியைப் பார்த்துவிட்டு வந்த கதையை எவன் படிப்பான்? என் நோட்டில் ஒரே பக்கத்தில் பதினொரு தண்ணி.

நாலாவது ஞாயிறு ஒரு வெளிச்சம். "விடியக்காலம் போட்டு போகும், மறுநா போட்டு வரும்" என்றார். அப்பாடா, போட்டிருக்கிறார்கள்! தினமுமா என்று கேட்டேன். தினமும்தான் என்றார். பஸ்ஸிலேயே இரண்டு பக்கம் எழுதி, நாலு நீர்மூழ்கிகளை மூழ்கடித்தேன்.

கடைசி ஞாயிறு, கம்பியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார்.

"ஒரு நா மட்டும் போட்டு வரல. எதை விட்டாலும் அதை விட்டுராத, தம்பி. அதுக்குத்தான் இம்புட்டும் சொல்லுதேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நாள் குண்டு போடாததற்கு இத்தனை வருஷமாக வெட்கப்படுகிற மனிதரா என்று எனக்கு மெய்சிலிர்த்தது. எழுதினேன்: 'ஒரே ஒரு நாள், குண்டு போட மனமின்றி, எட்டு வீரர்களும் கருணையோடு கரை திரும்பினர்.' கருணை என் கைச்சரக்கு.

மலரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, நின்றபடியே இரண்டு தடவை படித்தார். இது யாருடைய விமானம் என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றேன்.

"எங்களுது தண்ணியில எறங்குத விமானம்லா. வயிறு படகு மாதிரி இருக்கும். நாங்க விமானம்னே சொல்ல மாட்டோம். போட்டுன்னுதான் சொல்லுவோம்."

வெள்ளைக்காரன் சொன்ன 'போட்'டுக்கு அவர் ஓர் உகரம் சேர்த்திருக்கிறார். நான் அதற்குள் வெடிமருந்தை அடைத்திருக்கிறேன். போட்டு போனது, போட்டு வந்தது, ஒரு நாள் போட்டு வரவில்லை. அந்தப் போட்டின் எஞ்சினைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வைத்தவர் இவர்தான். மூன்று நாள் கரையிலேயே நின்றாராம்.

"எட்டுப் பேரும் வந்துட்டாவன்னு எழுதிருக்க," என்றார். "அவிய வரல."

மலர் அதற்குள் வீடு வீடாகப் போய்விட்டது. திட்டியாவது தொலைத்திருக்கலாம். அவர் மலரை மடித்து, கட்டி முடித்த காயிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கம்பியைத் தேடினார். என் வாய் சும்மா இருக்குமா? அடுத்த வருஷ மலரில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிடுகிறேன் அண்ணாச்சி என்றேன்.

"நீ போட்டது போதும்."