வல்லத்திராக்கோட்டை நேயர்

பன்னிரண்டு ஆண்டுகளாக வானொலியில் நான் வல்லத்திராக்கோட்டைக்காரி. பெயரும் என்னுடையதல்ல. முன்பின் தெரியாதவர்களிடம் நான் போனில் பேசுவது என் கணவருக்குப் பிடிக்காது. அதனால் கறம்பக்குடியில் எங்கள் தையல் கடையை விட்டு அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும், கூடப் படித்தவளின் பெயரையும் ஊரையும் சொல்லி நேயர் விருப்பத்தில் பேசிவிடுவேன். எங்கள் நேயர் கூட்டத்தில் பாதிப் பெண்கள் இப்படித்தான்.

வானொலி நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றதும், குன்றாண்டார்கோவில் பக்கத்து நேயர் ஒருவர், ஓய்வுபெற்ற கண்டக்டர், வாட்ஸ்அப் குழு தொடங்கினார். எல்லோரும் ஃபேஸ்புக்கில் எழுத வேண்டும் என்றார். நானும் அழாத குறையாக எழுதினேன். என் பதிவைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள். பழக்கதோஷம், கீழே அந்த இரவல் பெயரையும் ஊரையும் போட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒருவர் அதன் கீழே எழுதினார்: "வல்லத்திராக்கோட்டை என் ஊர். இந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை. எல்லாம் போலி நேயர்கள்." அதையும் பகிர்ந்தார்கள்.

கண்டக்டர் போன் செய்தார். "நீங்க உண்மையில யாருங்கம்மா? கேக்க ஆளில்லாத ஸ்டேசன்னு, அத்தனையும் பொய்யின்னு பேசுறாங்க. நாளைக்கழிச்சு மூடக்கூடாதுன்னு மனுக் குடுக்கப் போறோம். மொகத்தக் காட்டி ஒரு வீடியோ போடுங்க. இல்லாட்டி நம்ம பேச்சு எடுபடாது."

எதிரே என் கணவர் சட்டைத்துணி வெட்டிக்கொண்டிருந்தார். கருத்துப் போட்டவர் மேலும் என் மேலும் ஆத்திரமாக வந்தது. கடைக்குப் பின்னால் போய் நின்று வீடியோ எடுத்தேன். "என் பெயரும் ஊரும்தான் பொய். இத்தனை வருசம் கேட்டது பொய்யில்லை." உண்மைப் பெயரையும் சொல்லி, குழுவில் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் யாரோ அதை என் கணவருக்கு அனுப்பிவிட்டார்கள். என் முன்னாலேயே இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டுந்தான் தெரியல, அப்படித்தானே?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

மறுநாள் மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. துணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேயர் விருப்பம் தொடங்கியது. இன்று பேசாவிட்டால் என்றைக்கும் பேச மாட்டேன் என்று தோன்றியது. அவர் எதிரிலேயே நம்பரைப் போட்டேன்.

அறிவிப்பாளர் பெயர் கேட்டார். சொன்னேன். ஊர் கேட்டார். கறம்பக்குடி என்றேன். என் குரல் அவருக்குத் தெரியாதா என்ன! ஒரு நொடி தயங்கிவிட்டு எப்போதும்போலக் கேட்டார்: "பாட்டு யாருக்காகங்க?"

இத்தனை வருசமும் தோழிகளுக்காக என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று என் கணவர் பெயரைச் சொன்னேன்.

கத்தரிக்கோல் துணியின் பாதியில் நின்றது. பாட்டு முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"மூடிருவாங்களா?" என்று கேட்டார் பிறகு.

"தெரியல. நாளைக்கு மனுக் குடுக்கப் போறோம்" என்றேன்.