யாரு வரலை?

ஒரு வெப்சைட். அதில் ஒரே ஒரு கட்டம் காலி. 'எங்கள் நோக்கம்' என்று தலைப்பு இருக்கிறது, கீழே வெறும் வெள்ளை. அந்த வெள்ளை என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே!

காலேஜில் கூடப் படித்த ஜாஸ்மின் கேட்டு ஒப்புக்கொண்ட வேலை அது. எங்கள் ஊர்ச் 'சாலை' பஜாருக்குப் பக்கத்தில் அவள் போகிற சின்ன சபை. முப்பது நாற்பது பேர், பாதிக்கு மேல் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர்கள். "எங்க சர்ச்சுக்கு ஒரு சைட் பண்ணித் தாடீ" என்றாள். எனக்கா கசக்கும்? போட்டோ, ஆராதனை நேரம், மேப் எல்லாம் ஒரே நாளில் ரெடி. இந்த நோக்கம்தான் மாட்டிக்கொண்டது. ஏழு தடவை எழுதினேன். 'அன்பின் வழியில் ஒளியாய்...' அந்த ரகம்.

பாஸ்டர் ஏழையும் பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு மோளே. ஒரு பேங்குக்கும் பொருந்தும்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நீங்களே ஒரு வரி சொல்லுங்களேன்?"

"எனக்குச் சொல்ல வராது. ஞாயித்துக்கிழமை வா."

போனேன். பாட்டு, ஜெபம், பிரசங்கம்... எல்லாம் முடிந்தது. மூலையில் பெரிய பாத்திரத்தில் டீ. பக்கத்தில் ஒரு தாம்பாளம் நிறைய பருப்புவடை. காலையில் சாப்பிடாமல் கிளம்பியவள் நான் — கண் வேறெங்கே போகும்? ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

பாஸ்டர் பெஞ்சுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி... யாரு வரலை?"

"ராஜமணி அண்ணன் வித்துராவுல மக வீட்டுல இருக்காரு. காலைல பேசினேன்."

"சொகமா?"

"சக்கப்பழம் தின்னு வயிறு ஊதிக் கிடக்காராம் ஐயா."

ஒரே சிரிப்பு.

"சேவியர்?"

அவர் மனைவி எழுந்தார். "உறங்குதாரு. நல்ல சொகமாத்தான் உறங்குதாரு!"

இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன்.

"தங்கம் எங்க?"

சிரிப்பு நின்றது. ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சில் ஒரு இடம் காலி. தங்கம் அக்கா சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்ப்பவர், தனியாக இருப்பவர். யாரிடமும் சொல்லவில்லை. போன் அடித்துப் பார்த்தார்கள். மணி போனது, எடுக்கவில்லை.

ஒரு அம்மா போய் டீப் பாத்திரத்தை மூடிவைத்தார். இங்கே வழக்கம் அதுதானாம். வராத ஒவ்வொருவருக்கும் யாராவது ஒருத்தர் பதில் சொல்ல வேண்டும். பதில் தெரியாத பெயர் இருந்தால் அந்த நிமிஷமே இரண்டு பேர் தேடிப் போக வேண்டும். அவர்கள் திரும்பும்வரை டீ கிடையாது.

ஜாஸ்மின் எழுந்தாள், ஆட்டோ ஓட்டும் வின்சென்ட் அண்ணன் எழுந்தார். "வீடு எங்கே?" என்று கேட்டேன். ஆரியசாலையில் ஒரு சந்து சொன்னார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எங்கள் குடும்பத்து மிளகாய் மொத்தக் கடைக்குப் பின் சந்து! நானும் ஆட்டோவில் ஏறினேன்.

கீழே ஒரு குடோன், மாடியில் ஒற்றை அறை. உள்ளே தாழ்ப்பாள். தட்டினோம், கூப்பிட்டோம். பாதி திறந்திருந்த ஜன்னலில் ஜாஸ்மின் கர்ட்டனை விலக்கினாள். அடுக்களைப் பக்கம்... தரையில் இரண்டு பாதம்.

வின்சென்ட் அண்ணன் கீழே ஓடினார். ஆட்டோவிலிருந்து குடையை எடுத்துவந்தார், ஜன்னல் கம்பிக்குள் நீட்டி, அதன் வளைந்த பிடியால் தாழ்ப்பாளை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கதவு திறந்தது.

உயிர் இருந்தது. முந்தின நாள் சாயந்திரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. போன் கட்டிலில், எட்டவில்லை. கத்தியிருக்கிறார். சந்தில் லோடு இறக்குகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? முப்பதடி தள்ளி, எங்கள் கடையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடியும் 'அன்பின் வழியில்' என்று டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஜாஸ்மின் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள். "ரொம்ப பயந்துட்டீங்களாக்கா?"

"ராத்திரி பயந்தேன். விடிஞ்சு ஞாயிறுன்னு நெனவு வந்ததும் பயம் போயிட்டு." மூச்சு வாங்கிவிட்டு, எங்கள் மூன்று பேரையும் பார்த்தார் தங்கம் அக்கா. "பதினொண்ணரைக்கு என் பேரு வரும்லா."

ஒரு மனுஷி எலும்பு முறிந்து தரையில் கிடக்கிறார். கதவுக்கு வெளியே ஒரு ஊரே இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு ஹாலில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில், தன் பெயரைக் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வானம், பூமி, நட்சத்திரம் என்று எதையெதையோ பார்த்து வாய்பிளந்திருக்கிறேன். இவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நர்ஸிடம் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். வெப்சைட்டின் அந்தக் காலிக் கட்டத்தில் இப்போது இரண்டே வார்த்தை: 'யாரு வரலை?' பாஸ்டர் பார்த்துவிட்டு, "இது பேங்குக்குப் பொருந்தாது" என்றார். வேலை முடிந்தது, லேப்டாப்பை மூடிவிட்டேன்... என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிறு. லீவுதானே என்று சோம்பலாகப் புரண்டுகொண்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு வாசலில் ஆட்டோ ஹார்ன். வின்சென்ட் அண்ணன்! பின்சீட்டில் சேவியரின் மனைவி.

"என்ன மக்ளே, சொகந்தானா?"

"சொகந்தான் அண்ணா. ஏன், என்ன ஆச்சு?"

"உன் பேரு வந்துச்சு. ஜாஸ்மினும் ஊர்ல இல்ல. ஒருத்தருக்கும் தெரியல."

"அண்ணா... நான் உங்க சபையே இல்லியே! ஒரே ஒரு நாள்தானே வந்தேன்?"

"அதை யாரும் கேக்கல. நீ வரலை, அதான் கேள்வி." ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "சீக்கிரம் சொல்லு, ஏறுதியா இல்லியா? அங்க நாப்பது பேரு டீ குடிக்காம இருக்காங்க."

பல்கூட விளக்கவில்லை, ஏறிவிட்டேன்.