லோர்னா திருப்பிப் பார்த்த படங்கள்

லோர்னா பைபஸைப் பிடிக்கும் என்று மனசாரச் சொல்ல, சுரங்கத்தை நம்பிய மலையூரான குயின்ஸ்டவுனில் ஆள் குறைவு. சுரங்கத்துக் கேண்டீனில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தவள். முட்டை சரியாக வேகவில்லை என்று எவனாவது தட்டைத் திருப்பி நீட்டினால், "உங்கம்மாவ வரச் சொல்லு, அவ வேகவைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வரிசையில் அடுத்தவனுக்குப் பரிமாறப் போய்விடுவாள்.

கேண்டீன் தரையைப் பெயர்த்துப் புதிதாக ஒட்டியபோது, குப்பையில் போட்டிருந்த பழைய லினோலியம் விரிப்புத் துண்டுகளை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போனாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. அதில் கத்தியால் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுக்கலாம் என்று எங்கோ படித்திருந்தாள். பூட்ஸ் கழற்றும் ஆண்கள், குளியலறைக் குழாயடியில் கழுத்தைத் தேய்க்கிறவர்கள், ஷிப்ட் முடிந்து பேசக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள், எல்லாரும் அந்தத் தரைத்துண்டுகளிலிருந்து எழுந்து வந்தார்கள். சுரங்கம் மூடியது. கேண்டீனும் போயிற்று. பகலில் மோட்டல் அறைகளைத் துடைத்து, மற்ற நேரத்தில் செதுக்கி, இரண்டு வருமானத்தையும் சேர்த்து ஒண்டியாகக் காலம் தள்ளினாள்.

அந்தச் சமயத்தில்தான் மெல்பர்ன், ஹோபார்ட் மாதிரிப் பெரிய நகரங்களிலிருந்து ஓவியர்கள் வந்து இறங்கினார்கள். வீடு மலிவு என்பதுதான் காரணம். முதலில் வந்தவர்களில் நெவில் ஷார்லண்ட் பெரிய கை. மொட்டை மலைகளையும் மழையையும் ஆளுயரத்துக்கு வரைவார். ஹோபார்ட்காரர்கள் வந்து வாங்கிப்போவார்கள். ஊர்க் கலைஞர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்திய முதல் கண்காட்சியில் லோர்னாவின் படங்களைக் கழிவறைக்குப் போகும் நடையில் மாட்டியவர் அவர்தான். "கேண்டீன்காரி கைவேலை, அங்க இருந்தா போதும்" என்று அவர் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு பதினான்கு வருஷமாக ஒரே தெருவில் நடந்தாலும் இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

லோர்னாவுக்கு ஐம்பத்தெட்டு நடந்த வருஷம், ஜூன் மாதக் குளிர்கால மழையில், பின்பக்கப் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்துத் தைத்த டாக்டர், எட்டு மாசத்துக்குக் கத்தியைத் தொடக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். செதுக்குவதும் நின்றது, மோட்டல் வேலையும் நின்றது. அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

எதிர்வீட்டு இம்கேதான் கண்டுபிடித்தாள். ஹாலந்திலிருந்து வந்து பானை வனைகிறவள். மூன்று நாளாக லோர்னாவின் புகைபோக்கியில் புகை இல்லை. அந்தக் குளிரில் அடுப்பு மூட்டாமல் யாரும் இருக்க முடியாது. போய்ப் பார்த்தால், லோர்னா மேல்கோட்டும் தொப்பியுமாகப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"விறகு எங்க?"

"தீந்துபோச்சு."

"வாங்கலையா?"

"உன் வீட்டுக்கு வந்து நான் அடுப்ப எட்டிப் பாத்திருக்கேனா?"

இம்கே தன் வீட்டு விறகைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அடுக்கினாள். நாலு நாள் கழித்து இன்னொரு வண்டி விறகோடு வந்தவள், அடுக்கிக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் ஆளுக்கு ஒரு படமோ பானையோ குடுக்கப்போறோம். ஊர் ஹால்ல வெச்சு விப்போம். வர்றது மொத்தமும் உனக்கு. நோட்டீஸ் ஒட்டியாச்சு."

"யாரக் கேட்டு ஒட்டின?"

"உன்னக் கேட்டா வேணாம்னுதான சொல்லுவ?"

"நெவிலும் குடுக்கறானா?"

"குடுத்துட்டாரு."

"அப்ப வேணவே வேணாம்."

இம்கே கடைசிக் கட்டையை அடுப்புக்குள் வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போனாள்.

விற்பனைக்கு முந்தின மதியம் லோர்னா ஹாலுக்குப் போனாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, படம் மாட்டிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிச் சிரித்தார்கள். அவள் வலது கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி, சுவரோரமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அந்த ஊரில் யார் எந்த வருஷம் எதை வரைந்தார்கள், எது விற்றது, எது விற்காமல் கொட்டகைக்குப் போனது என்று அவளுக்கு அத்துப்படி.

"இது மூணு வருஷமா விக்காதது," என்றாள். அடுத்ததைக் காட்டினாள். "இதுல ஈரம் பூந்த கறை இருக்கு." அதற்கடுத்ததை இடது கையால் கழற்றித் திருப்பினாள். சின்ன ஏரிப் படம், கீழ்மூலையில் சட்டம் நசுங்கியிருந்தது. பின்னால் ஏழாம் நம்பர் என்று ஒரு ஸ்டிக்கர்.

"நெவில், இது மோட்டல் ஏழாம் ரூம்ல தொங்கின படம். மூணு வருஷம் நாந்தான் இதுக்குத் தூசி தட்டினேன். வேணாம்னு அவங்க திருப்பி அனுப்பினத எனக்குத் தானம் பண்றியா?"

நெவில் ஏணியிலிருந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "சும்மா வர்றதுல நொட்டை சொல்ற முதல் ஆளு நீதான்."

"சும்மா வருதுன்னுதான குப்பையக் கொண்டாந்து மாட்டியிருக்கீங்க. வீட்டுல கெடந்ததும் காலியாச்சு, நல்ல பேரும் கெடச்சுது."

"நன்றி கெட்டவ."

"நன்றி நல்ல படத்துக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து மேஜையில் இம்கேயின் பச்சை நிறக் கிண்ணம் இருந்தது. லோர்னா அதையும் கவிழ்த்தாள். அடியில் முடி அகலத்துக்கு ஒரு விரிசல்.

"நீயுமா?" என்றாள்.

இம்கே கிண்ணத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டே கொண்டுவந்து மறுபடி பார்த்தாள். அப்படி ஒரு விரிசல் இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது என்பது அந்த முகத்திலேயே இருந்தது. அந்த வருஷம் சூளையிலிருந்து வந்ததில் நல்லது என்று எடுத்து வைத்திருந்த கிண்ணம் அது.

"வெளிய போ, லோர்னா," என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

வீட்டுக்கு வந்த லோர்னா இம்கே கொடுத்த விறகையே போட்டு அடுப்பை மூட்டினாள். நெவிலிடம் சொன்னதில் ஒரு வார்த்தைக்கும் அவள் வருத்தப்படவில்லை. இம்கேயிடம் கேட்டது மட்டும் உறுத்தியது. விடிந்ததும் மேஜையின் அடி டிராயரை இழுத்தாள். செத்துப்போன புருஷன் கென் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்தபடியே தூங்கிவிட்ட படம் அதில் இருந்தது. ஏழு பிரதி எடுத்ததில் மிச்சமான ஒன்று. யார் கேட்டும் கொடுக்காதது. ஊராரை அப்படிக் கேட்டுவிட்டு இதை உள்ளே வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. அட்டைக்குள் வைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஹாலில் பாதிச் சுவர் மாறியிருந்தது. ஏரிப் படம் இருந்த இடத்தில் ஆளுயர மலை ஒன்று, மழை பெய்து ஓய்ந்த ஈரத்தோடு நின்றது. ஹோபார்ட் கண்காட்சிக்கென்று நெவில் ஒரு வருஷம் உழைத்த படம். கறை பட்டதைக் கொடுத்தவர் அதை எடுத்துவிட்டு வேறு கொண்டுவந்திருந்தார். யாரும் அவளைப் பார்த்துத் தலையசைக்கவில்லை.

"உனக்காகக் கொண்டாரல," என்றார் நெவில். "உன் வாய அடைக்கக் கொண்டாந்தேன்."

"அடைச்சாச்சு. இத எங்க மாட்டறது?"

அவர் அட்டையைப் பிரித்தார். கென்னை வெகுநேரம் பார்த்தார். "இது நல்லாருக்கு," என்றார். "உன்னத்தான் சகிக்க முடியல."

"எனக்கும் அப்படித்தான்."

வாசலுக்கு நேரே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் அவரே ஆணியடித்து அதை மாட்டினார். சாயங்காலத்துக்குள் மலையும் போயிற்று, கென்னும் போனான், சுவரில் நாலைந்துதான் மிஞ்சின. கை தேறும்வரைக்கும் அவளுக்கு அந்தப் பணம் போதுமானதாக இருந்தது. கென்னை யார் வாங்கினார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை.

இம்கே அன்று கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். தன் பங்குக்கு வேறெதையும் வைக்கவில்லை. விற்ற பணத்தை உறையில் போட்டு ஒட்டி, லோர்னாவின் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனாள், கதவைத் தட்டவில்லை. ஐந்து மாசம் எதிரெதிர் வீட்டில் பேச்சில்லாமல் இருந்தார்கள். நவம்பரில் லோர்னாதான் தெருவைத் தாண்டிப் போனாள்.

"அந்தக் கிண்ண விஷயத்துல நான் பேசினது தப்பு."

"தெரியும்," என்றாள் இம்கே. கைகளில் களிமண் அப்பியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. வனைந்ததை லோர்னாவிடம் காட்டுவதை மட்டும் இம்கே அதற்குப் பிறகு விட்டுவிட்டாள்.

மறுவருஷம், நெசவு செய்கிற ஒரு பெண்ணின் வீட்டுக்குள் ஆற்று வெள்ளம் புகுந்து தறி போயிற்று. மறுபடி விற்பனை. கத்தியை முன்போல அழுத்திப் பிடிக்க வராத கையோடு லோர்னா ஹால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கொண்டுவந்த ஒவ்வொன்றையும் வாங்கித் திருப்பிப் பார்த்து, உள்ளே விட்டாள் அல்லது திருப்பி அனுப்பினாள். நெவில் கொண்டுவந்த ஓடைப் படத்தைப் பார்த்துவிட்டு, "வானம் அவசரத்துல போட்டிருக்க," என்றாள்.

நெவில் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டிக்கொண்டே படத்தைக் காரில் ஏற்றி, வீட்டுக்குப் போய் வேறொன்றைக் கொண்டுவந்தார்.