உப்புப் பார்க்க ஆளில்லாத பாண்

என் மகள் புகுந்த வீட்டில் ஒரு பெருமை அடித்துவிட்டாள். "எங்கட வாப்பா வாழைப்பழப் பாண் சுடுவாரு." அதுவரை அந்த 'பனானா பிரெட்'டை நான் சுட்டது இரண்டே தடவை. ஒன்று கருகியது, மற்றது நடுவில் வேகவில்லை.

சம்பந்தி வீட்டார் முதன்முதலாக எங்கள் வீட்டில் நோன்பு திறக்க வருவதாக இருந்தது. முதல் நாள் மகள் தொலைபேசியில் கெஞ்சினாள்.

"வாப்பா, மாமா அந்தப் பாணைத்தான் கேக்கிறாரு. என்ட மானத்தக் காப்பாத்துங்க."

எங்கள் ஊர் மாம்புரியில் வாழைப்பழத்துக்குக் குறைவில்லை. மறுநாள் எங்கள் வளவில் வெட்டித் தொங்கவிட்ட கதலிக்குலையில் தோல் கறுத்த பழங்களாகப் பதினொன்றைப் பிய்த்தேன். ஒன்பது போதும், இரண்டு கையிருப்புக்கு. தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த அன்னாசி, ஏலக்காய்த் தூள், முந்திரிக் கஜு எல்லாவற்றையும் கோப்பைகளில் வரிசையாக வைத்தேன். கஜு முப்பத்திரண்டு. எண்ணி வைத்தால் எனக்கு ஒரு நிம்மதி.

கலவைக்கு உப்புப் போடுகிற நேரம் பார்த்து, கஞ்சிப் பானையைத் துழாவிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"எத்தின பேரு வாறாங்க?"

விரல் விட்டு எண்ணினேன். சம்பந்தி, அவர் மனைவி, மருமகன், மகள், மருமகனின் தம்பிமார் மூன்று பேர். "ஏழு. நம்மளோட ஒம்பது."

திரும்பிப் பார்த்தால் என் கையில் வெறும் கரண்டி. போட்டுவிட்டேனா, இனித்தான் போட வேண்டுமா?

"நான் உப்புப் போட்டனா?"

"ஒங்கட கையப் பாத்துக்கிட்டா நிக்கிறன்? நாக்குல வெச்சுப் பாத்துத் துப்புங்க. நோன்பு முறியாது."

"நீ பாரேன்."

"பாண் சுடுறது யாரு?"

முறியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் மாலை நான்கு மணி, காய்ந்த தொண்டை, பழமும் தேங்காயும் கலந்த மணம். துப்புமென்று என் நாக்கை நான் நம்பவில்லை.

ஒரு கரண்டி கலவையோடு வேலிக்குப் போனேன். அடுத்த வீட்டுக் கத்தோலிக்கப் பெண்ணும் அவள் கணவரும் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, இதில உப்பு இருக்கா எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

அவள் கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"எங்களுக்குத் தவக்காலமெல்லோ, மாஸ்டர். பாஸ்காத் திருநாள் வரைக்கும் இனிப்புத் தொடுறதில்ல எண்டு நேர்ந்திருக்கிறன்."

"உப்பத்தானே பாக்கச் சொல்றன்?"

"அந்த உப்பு சீனிக்குள்ள நிக்குதே!"

"அப்ப இவரு?"

"அவருக்குச் சீனி வருத்தம். மருந்து எடுக்கிறாரு."

கரண்டியோடு திரும்பினேன். போட்டிருந்தால் கூடிவிடும், போடாவிட்டால் சப்பென்றிருக்கும். யோசித்து யோசித்து, அரைத் தேக்கரண்டி போட்டு ஓவனுக்குள் தள்ளினேன். வேகும் வரை ஐந்து தடவை கதவைத் திறந்தேன் என்று மனைவி சொல்வாள். மூன்று தடவைதான்.

சம்பந்தி வீட்டார் வந்து அமர, பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி. பிறகு பாணை ஒன்பது துண்டாக வெட்டினேன். சம்பந்தி முதல் துண்டைக் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். மகள் என் பக்கம் திரும்பவேயில்லை. தன் கஞ்சிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"சம்பந்தி," என்றார் கடைசியில், "மருமகள் பாண் எண்டு சொன்னப்ப நான் நம்பல்ல. வாழப்பழம் போட்டா அது கேக்தானே எண்டு நெனச்சன்."

"இப்ப?" என்றேன்.

"உப்பப் பாத்தாப் பாண்தான்."

முதலில் சிரித்தது மகள். சம்பந்தி தட்டை நீட்டினார். "இன்னொண்டு வைங்க. அந்த மீன் ஆணத்தையும் இங்கால தள்ளுங்க."

இராச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மீன்கறியில் தோய்த்துத் தோய்த்து அவர் மட்டும் மூன்று துண்டு சாப்பிட்டார். ஒன்பதில் மூன்று போனால் ஆறு. மற்ற விருந்தாளிகள் ஆறு பேர். உப்பு எவ்வளவு தூக்கலாக இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.