தண்டையல் வளர்த்த கினிப்பன்றி

நெற்றியில் திருநீறு பூசிய கினிப்பன்றி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்றைக்கு நானும் சிரித்தவள்தான். கம்பிவலைக் கூட்டுக்குள் அது மண்ணிறமாய், ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாய் இருந்தது. கூட்டின் முன்னால் நெடிய மனிதர் ஒருவர் குந்தியிருந்து, சன்னதி முருகன் கோயில் திருநீற்றை விரல் நுனியில் எடுத்து, வலை ஓட்டைக்குள்ளால் நுழைத்து, அதன் நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். அது அந்த விரலை முகர்ந்து பார்த்துவிட்டுப் புல்லைத் தின்னத் தொடங்கியது.

அறுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் நான் வேலை பார்த்தேன். சளி, சீழ், மலம் என்று ஊரார் மூக்கைப் பொத்திக்கொள்கிற எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எங்கள் டொக்டர் சீமையில் படித்து வந்தவர். நெஞ்சு எக்ஸ்றேயில் நிழல் தெரிந்தவுடன் கசம் என்று எழுதித் தள்ளுகிற வழக்கம் அவருக்குப் பிடிக்காது. கசம் என்று நாங்கள் சொல்வது காசநோயை. சுருட்டுக் குடிக்கிற வயதான ஆண்களின் நெஞ்சில் தெரிகிற நிழல்களில் எது கசம், எது புற்று என்று பிரித்தறிய அவர் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். சளியைக் கண்ணாடியில் பூசிப் பார்த்துக் கிருமி தெரியாவிட்டால், அதை ஒரு கினிப்பன்றியின் தொடையில் ஏற்றுவோம். கசக்கிருமி இருந்தால் அது வாரத்துக்கு வாரம் மெலியும். இல்லாவிட்டால் கொழுக்கும். மெலிந்தாலும் கொழுத்தாலும் கடைசியில் அதைக் கொன்று வெட்டி, மண்ணீரலில் வெள்ளைப் பொட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் முடிவு எழுதுவோம். இன்றைக்கு அந்தச் சோதனை இல்லை. நல்லதாய்ப் போயிற்று.

அந்த நெடிய மனிதர் வடகரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். பாய்க்கப்பல் நடத்துகிறவரைத் தண்டையல் என்று கூப்பிடுவது அங்கத்தைய வழக்கம். கப்பல் கைவிட்டுப் போன பிறகும் அந்தப் பெயர் அவரோடு இருந்தது. இருமும்போது சளியில் இரத்தம் கண்டு வந்திருந்தார். தன் உயிரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கியிருந்தார்கள், அவருடைய கவலை முழுவதும் அதுதான். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் கசம் என்று தெரிந்தால் அந்த வீட்டு வாசல் படலையைத் தாண்டிச் சம்பந்தம் வராது. அதோடு பிள்ளைக்கும் தொற்றிவிடுமோ என்ற பயம் வேறு. தான் சாப்பிடுகிற கோப்பையையும் தண்ணீர் குடிக்கிற மூக்குப்பேணியையும் ஏற்கெனவே புறம்பாக்கி வைத்திருந்தார்.

"எப்ப பிள்ளை மறுமொழி தெரியும்?" என்று ஒவ்வொரு கிளினிக் நாளும் என் மேசைக்கு வந்து கேட்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "என்னைக் கேக்காதையுங்கோ, உள்ளை நிக்கிற ஆளைக் கேளுங்கோ" என்று ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டைக் காட்டினேன். அது சுகமாய் இருந்தால் அவருக்குக் கசம் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். குனிந்து வலைக்குள்ளால் பார்த்தார். "உதுக்குப் பண்டி எண்டு ஆர் பேர் வைச்சவன்? முயல்குட்டி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார்.

அடுத்த முறை வரும்போது கையில் ஒரு கட்டு அறுகம்புல்லும் பசளிக்கீரையும் இருந்தன. பேருந்தில் வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். தீனி நாங்கள் போடுவோம், நீங்கள் போடக்கூடாது என்று அதட்டிப் பார்த்தேன். "நீங்கள் எல்லாத்துக்கும் போடுவியள் பிள்ளை. என்ரை ஆளுக்கு நான் போடாமல் ஆர் போடுறது?" என்றார். அதற்கு மேல் அந்த மனிதரோடு யார் வாய் கொடுப்பது? பிறகு திருநீறும் வந்தது.

வாரந்தோறும் அதை நிறுப்போம். தராசு முள் கொஞ்சம் ஏறியிருந்தால் தண்டையலின் முகம் மலர்ந்துவிடும். அதே முள்ளைப் பார்க்கிற டொக்டரின் முகம் சுருங்கும். கசத்துக்கு அப்போது மருந்து வந்துவிட்டது. ஊசியும் குளிகையும் ஒழுங்காய் எடுத்தால் ஆள் எழும்பி நடப்பார். புற்று என்றால் எங்களிடம் ஒன்றும் இல்லை, அவ்வளவு முற்றிய நெஞ்சைக் கொழும்பிலும் திறக்கமாட்டார்கள். எக்ஸ்றேயில் தெரிந்த நிழல் டொக்டருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆகவே கூட்டின் ஒரு பக்கம் நின்ற மனிதர் அந்தச் சீவன் வாழவேண்டும் என்று முருகனை வேண்டினார். மறுபக்கம் நின்ற மனிதர், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், அது சாகவேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் நடுவில் தராசோடு நின்றேன். அது கொழுத்துக்கொண்டே போயிற்று.

வெட்டுகிற நாள் வந்தது. மண்ணீரல் சின்னதாய், கருஞ்சிவப்பாய், கழுவி வைத்ததுபோல் இருந்தது. டொக்டர் கண்ணாடி வில்லையை வாங்கி, ஈரலைப் புரட்டிப் பார்த்தார். நெறிக்கட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பிளந்தார். "ஒரு பொட்டு, ஒரேயொரு பொட்டுக் கண்டாலும் காணும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பூச்சுகளுக்குச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஒன்றும் இல்லை. கையுறையைக் கழற்றாமலே அவர் கதிரையில் இருந்துவிட்டார். ஓர் ஆராய்ச்சிக்காரர் தன் எண்ணம் சரியென்று கண்ட நாளில் அப்படி இருந்து நான் வேறொருபோதும் பார்க்கவில்லை.

பகல் தண்டையல் வந்தார், கையில் ஓர் ஓலைப்பெட்டியோடு. டொக்டர் எழுந்து, "உமக்குக் கசம் இல்லை" என்றார். அடுத்த வசனத்தையும் அவர் ஆயத்தப்படுத்தித்தான் வைத்திருந்தார். காலையிலிருந்து அவர் உதடு அசைந்ததை நான் கண்டேன். ஆனால் தண்டையல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, கண் கலங்கி, "அப்ப என்ரை ஆளைத் தாங்கோ ஐயா, வீட்டை கொண்டு போறன்" என்று பெட்டியை நீட்டிவிட்டார். டொக்டர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அந்த வசனத்தை விட்டுவிட்டு உள்ளே போய், வேறொரு மண்ணிறக் கினிப்பன்றியைப் பிடித்துக்கொண்டு வந்து அதற்குள் வைத்தார். அந்த முகத்துச் சந்தோசத்தை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தண்டையல் அதைத் தூக்கிப் பார்த்தார். முகத்தைத் திருப்பி மற்றக் கண்ணையும் பார்த்தார். எந்தக் கண்ணைச் சுற்றியும் வெள்ளை இல்லை. "நல்லது ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பின்னாலேயே ஓடினேன். விறாந்தையில் நோயாளர் உட்காருகிற வாங்கிலில் பெட்டியை வைத்துவிட்டு நின்றார்.

"இது என்ரை ஆளில்லைப் பிள்ளை. அது செத்துப்போச்சு, என்ன?"

"ஓம். ஆனா நோய் வருத்தம் வந்து சாகேல்லை. நாங்கள்தான் வெட்டிப் பாத்தனாங்கள். உள்ளுக்கை ஒண்டுமில்லை. மெய்யாத்தான் சொல்லுறன்."

"சுகமா நிண்ட சீவனை ஆரும் வெட்டுவினமோ பிள்ளை?" என்று அவர் கோபமே இல்லாமல் கேட்டார். "மருந்துக்குக் கேக்கிற வருத்தமெண்டா ஐயா ஏன் மறைக்கப்போறார்? கசம் முத்திக் கடந்து போச்சுது. எனக்கு விளங்குது."

நான் சத்தியம் பண்ணினேன். சோதனையின் முறையே அதுதான் என்றேன். சின்னப்பிள்ளை சொல்லுவதைக் கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியை வாங்கிலிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து டொக்டருக்குச் சொன்னேன். அவர் வாசல் வரை ஓடிப் பார்த்தார், ஆளைக் காணவில்லை. வரச்சொல்லி ஒரு தபாலட்டை எழுதிப் போட்டார். வரவில்லை. இரண்டாவது அட்டை எழுத எடுத்து வைத்தவர், "வந்தால் என்னத்தைச் சொல்லுறது? குடுக்க என்ன இருக்கு?" என்று என்னையே கேட்டார். அந்த அட்டை எழுதப்படாமலே கிடந்தது. புற்று என்று அறியாமல் இருப்பதாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம். தனக்குக் கசம் என்று நம்புகிற மனிதர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அடுத்த சோளகக் காற்றுத் தொடங்கியபோது ஒரு பெண் ஆய்வுகூட வாசலில் வந்து நின்றாள். அந்த உயரத்தைக் கண்டவுடன் யாருடைய மகள் என்று தெரிந்துவிட்டது. அப்பா செத்து முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது என்றாள். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன்.

அன்று வீட்டுக்குப் போன தண்டையல் படலைக்குள்ளேயே வரவில்லையாம். கடற்கரையில் பழைய கொட்டில் ஒன்றைத் துப்புரவாக்கி அதற்குள் போய் இருந்துகொண்டார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே ஆள் அனுப்பி, எனக்குக் கசம், மறைத்துச் செய்ய எனக்கு மனமில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வேறிடம் பார்த்துவிட்டார்கள். சோறும் தண்ணீரும் தாயும் மகளும் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிடவேண்டும். கிட்ட வந்தால் கல்லெடுத்து எறிவேன் என்று வெருட்டுவாராம்.

"இப்ப நாங்களும் எக்ஸ்றே எடுக்க வேணுமோ அக்கா? அதைக் கேக்கத்தான் வந்தனான்" என்றாள்.

அவள் மனம் கொஞ்சமாவது ஆறட்டும் என்றுதான் சொன்னேன். அப்பாவுக்குக் கசம் இல்லை, அது வேறு வருத்தம், உங்களுக்கு ஒரு பயமும் இல்லை என்றேன்.

"தொத்தாத வருத்தமோ அக்கா?"

"ஓம் பிள்ளை. தொத்தாது."

அவள் தன் வலது கையை மடியில் வைத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கடைசி நாள், நினைவு தப்பின நேரம், என்னைக் கண்டிட்டுக் கையை நீட்டினவர். நான் பயத்திலை பின்னாலை தள்ளி நிண்டிட்டன் அக்கா."