அக்காவின் முகம்

சுள்ளிக்கல்லில் பியூட்டி பார்லர் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பார்லர் போர்டில் போடுவதற்காக அவரையே படம் எடுத்திருந்தேன். கம்ப்யூட்டரில் டச்சப் செய்துவிட்டு, பார்த்துச் சொல்லும்படி மட்டாஞ்சேரியில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். மத்தியான மழையில் நனைந்துகொண்டே வந்தார்.

மற்றவர்கள் நிறத்தைக் கூட்டச் சொல்வார்கள். அவரோ தன் முகத்தில் மெல்ல விரலை ஓட்டிக்கொண்டு, "சேட்டா, தாடை இத்திரி சின்னதாகட்டும். நெத்தி கொஞ்சம் அகலமா வேணும்," என்றார். விரல் மூக்குக்கு நகர்ந்தது, பிறகு உதட்டுக்கு. அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன், கன்னத்துச் சுருக்கங்களையும் எடுத்தேன். கடைசியில் திரையில் இருபது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள்.

"இது உங்களை மாதிரியே இல்லையே," என்றேன்.

"எங்க அக்கா. காயல்ல மூழ்கிப் போயிட்டா. வீட்டுல அவளோட ஒரு போட்டோகூட கிடையாது."

நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, படத்தைப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"கண்ணை எதுக்கு மாத்தினீங்க? தண்ணியில இருந்து என்னைப் பாத்தாளே, அதே மாதிரி பாக்கறா."

"கண்ணை நான் தொடவே இல்லை. அது உங்க கண்ணுதான்."

அவர் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வாசலுக்குப் போனார். மழையில் இறங்கும்வரை பார்வையை எடுக்கவே இல்லை.

பிறகு அவர் வரவில்லை. சுள்ளிக்கல் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பார்லரைப் பார்க்கிறேன். உள்ளே போய், அன்று காயலில் என்ன நடந்தது என்று கேட்கத்தான் கால் வரவில்லை. படத்தை அழிக்கவும் கை வரவில்லை.